ஊசி ஓடுகிறது, உடல் உறைந்திருக்கிறதே!



"அவளுக்கென்ன குறை? வீட்டில் உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கிறாள்!" என்னும் பேச்சை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து ரவிக்கையும் சுரிதாரும் புர்காவும் தைத்துக் கொடுக்கும் பெண்மணியைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் ஜரிகையும் மணியும் பதித்துப் பூவேலை செய்யும் இளம் பெண்ணைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். வெயிலில் அலையவில்லை, மூட்டை சுமக்கவில்லை, நாற்று நடவில்லை. ஆகவே அது சுகமான வேலை என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு பிழையானது. நாற்பது வயதைத் தொட்ட தையற் கலைஞர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கழுத்து வலியையும் இடுப்பு வலியையும் முதலில் சொல்வார். இரவில் விரல்கள் மரத்துப்போய் விழித்துக் கொள்வதைச் சொல்வார். ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளை அழைப்பதைச் சொல்வார். மருத்துவர் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதைக் கடைசியில் சொல்வார். மூட்டை சுமப்பவரின் உடல் உழைப்பினால் தேய்கிறது. ஊசி பிடிப்பவரின் உடலோ அசையாமையினால் தேய்கிறது.

இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, இருந்த இடத்திலிருந்தே அழகைப் படைப்போரின் உடல்நலம். தையற் கலைஞரை முன்னிறுத்திச் சொல்கிறோம். ஆயினும், தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு நுண்ணிய பாய் நெய்யும் பத்தமடைப் பெண்களுக்கும், ஓவியர்க்கும், எழுத்தாளர்க்கும், கணினியின் முன் அமர்ந்து அழைப்பிதழ் வடிவமைக்கும் இளைஞர்க்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

பழைய நோய்தான்!

இது கணினிக் காலத்தில் தோன்றிய புதுத் தொல்லை என்று எண்ண வேண்டாம். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூலை 1700 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் அவர். அமர்ந்து தொழில் செய்வோரைப் பற்றி அந்நூலில் தனியே எழுதினார். தையற்காரர்கள் கூன் விழுந்து நடப்பதையும், காலை மடக்கி நெடுநேரம் அமர்வதால் அவர்களுடைய கால்கள் மரத்துப் போவதையும் கண்டு குறித்தார். எழுத்தர்களுக்கு வரும் துன்பங்களுக்கு அவர் மூன்று காரணங்களைக் காட்டினார்: ஓயாத இருப்பு, ஒரே விதமான கை அசைவு, இடைவிடாத மனக் கவனம். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் இம்மூன்றோடு சேர்க்க நான்காவதொரு காரணத்தைத் தேட வேண்டியதில்லை!

அவருக்கும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் பேரறிஞர் இப்னு சீனா. அவர் தம் 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் மருத்துவப் பெருநூலில், உடல்நலத்தைக் காக்கும் வழிகளாக உடற்பயிற்சி, உணவு, உறக்கம் ஆகியவற்றை வகுத்தார். அவற்றுள் உடற்பயிற்சிக்கே முதலிடம் தந்தார். மருந்தைப் பற்றிப் பல நூறு பக்கங்கள் எழுதிய ஒருவர், நோய் வருமுன் காக்க அசைவைத்தான் முதலிற் சொன்னார் என்பது நம் சிந்தனைக்குரியது.

ஓட்டுநரும் நடத்துநரும்

இக்காலத்து ஆராய்ச்சி ஒன்றையும் அறிந்துகொள்வோம். லண்டன் மாநகரில் ஓடிய மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து, முடிவுகளை 1953 இல் வெளியிட்டனர். ஒரே பேருந்தில் இருவர் வேலை செய்தனர். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினார். மாரடைப்பு, அமர்ந்திருந்த ஓட்டுநர்களையே அதிகம் தாக்கியது. நடத்துநர்களுக்கு அது குறைவாகவே வந்தது. வந்தாலும் பிற்பட்ட வயதிலேயே வந்தது.

நடத்துநர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய வேலைக்குள்ளேயே அசைவு கலந்திருந்தது. தையல் வேலைக்குள்ளும் அப்படி அசைவைக் கலக்க முடியுமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. முடியும். அதைச் சொல்வதற்குமுன், அமர்ந்திருக்கும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன?

முதலாவது, சர்க்கரை. நாம் உண்ணும் சோறும் இடியாப்பமும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துச் செலவழிப்பவை தசைகள். அவற்றுள் தொடையிலும் காலிலும் உள்ளவையே மிகப் பெரியவை. அவை அசையும்போது இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக் கொள்கின்றன. ஓய்ந்திருந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எடை மிகுந்த 19 பேரை இனிப்புப் பானம் அருந்தச் செய்து ஐந்து மணி நேரம் அமர வைத்தனர். மற்றொரு நாளில் அவர்களையே 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, 2 நிமிடம் மெதுவாக நடக்க வைத்தனர். அந்நாளில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால், அது காட்டும் வழி எளியது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள் என்றும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வு 2023 இல் மதிப்பிட்டது. அப்படியிருக்க, கட்டணமில்லாத இந்த 2 நிமிட மருந்தை நாம் அலட்சியம் செய்யலாமா?

இரண்டாவது, கால். காலிலுள்ள இரத்தம் கீழிருந்து மேலேறி இதயத்தை அடைய வேண்டும். அதை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது சுருங்கி இரத்தத்தை மேலே செலுத்துகிறது. நெடுநேரம் அசையாதிருந்தால் இரத்தம் தேங்கிக் கால் வீங்குகிறது. மிதிகட்டையை மிதித்துத் தைத்த காலத்தில் கணுக்காலுக்காவது ஓரளவு அசைவு இருந்தது. இயந்திரத்தில் மோட்டார் பொருத்திய பிறகு அதுவும் போயிற்று! வேகம் கூடியது, வருவாய் கூடியது. கால் மட்டும் ஓய்ந்துவிட்டது.

மூன்றாவது, முதுகும் கழுத்தும். முதுகெலும்புகளின் இடையே மெத்தைபோல் வட்டுகள் அமைந்துள்ளன. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறும் சத்தையே அது உண்டு வாழ்கிறது; அதற்கு உடலின் அசைவு துணை செய்கிறது. ஒரே நிலையில் குனிந்திருந்தால் வட்டு அழுந்துகிறது. அவ்வாறே, நம் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது எலும்புத் தூண் அதைத் தாங்குகிறது. ஊசி முனையை நோக்கிக் குனியக் குனியப் பாரம் முழுவதும் கழுத்துத் தசைகளின்மேல் விழுகிறது.

நான்காவது, கை. மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய வழி உண்டு. நரம்பொன்றும் விரல்களை மடக்கும் தசைநாண்களும் அதனூடே செல்கின்றன. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்யும்போது அவ்வழி வீங்கி, நரம்பு நெருக்குண்ணுகிறது. அப்போது கட்டை விரலும் சுட்டு விரலும் நடு விரலும் மரத்துப் போகும். இரவில் கையை உதறினால்தான் சற்றே ஆறும். "இரத்த ஓட்டம் குறைவு" என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் பலர்.

ஐந்தாவது, கண். உற்று நோக்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழாகக் குறைகிறது. கண் உலர்ந்து எரிகிறது. அருகிலுள்ளதையே பார்த்துக் கொண்டிருப்பதால் கண்ணின் உட்தசை இறுகியே இருக்கிறது. நாற்பது வயதை ஒட்டி அனைவருக்கும் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். கண்ணாடி அணிய நாணுபவர், அதற்கு ஈடாகக் கழுத்தை மேலும் குனிக்கிறார். ஒரு மூக்குக் கண்ணாடி கழுத்து வலியையும் சேர்த்துக் குறைக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

முற்பகல் என்னும் கண்ணி

மேற்சொன்ன ஐந்துக்கும் வேர் ஒன்றே. வேலை உடலைக் கெடுக்கவில்லை. விடாத இருப்பே கெடுக்கிறது. ஆகவே, இருப்பை இடையிடையே உடைப்பதே மருந்து. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, 2 நிமிடம் நின்றோ நடந்தோ திரும்புங்கள்.

ஐவேளைத் தொழுகையைப் பேணும் இல்லத்தில், லுஹரிலிருந்து இஷா வரை வேலை தானே இடைவிட்டு நிற்கிறது. எழுகிறோம், ஒளூச் செய்கிறோம், தொழுகிறோம். தொழுகை இறைவணக்கம்; அதை உடற்பயிற்சியின் கணக்கில் எழுதுவது நம் நோக்கமன்று. ஆனால், அந்த நேரங்கள் வேலையை உடைக்கின்றன என்பது கண்கூடு. சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையிலோ ஏறத்தாழ ஏழு மணி நேர வெளி இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கும் ஆண்கள் வேலைக்கும் போன பின்னர், வீடு அமைதியாக இருக்கும் முற்பகலில்தான் தையற் பெண்மணி ஆழ்ந்து அமர்கிறார். காலை 9 மணிக்கு அமர்ந்தவர், பாங்கோசை கேட்டே தலை நிமிர்கிறார். நாளில் மிக நீண்ட, உடையாத இருப்பு இதுவே.

எனவே முதல் சீர்திருத்தத்தை முற்பகலில் தொடங்குங்கள். கைப்பேசியில் அரை மணிக்கு ஒருமுறை மணியொலிக்க வையுங்கள். கைப்பேசி வேண்டாமெனில், நூற்கண்டு மாற்றும்போதெல்லாம் எழுவது என்றோ, ஒரு கை தைத்து முடித்ததும் எழுவது என்றோ வேலையையே கடிகாரமாக்கிக் கொள்ளுங்கள்.

வேலையைக் கலந்து அடுக்குங்கள்

வெட்டுவது, தைப்பது, பொத்தான் கட்டுவது, இஸ்திரி போடுவது என்று தையல் வேலையில் பல பகுதிகள் உண்டு. பத்து ரவிக்கைகளையும் ஒரே மூச்சில் வெட்டி, பிறகு பத்தையும் ஒரே மூச்சில் தைப்பது வழக்கம். அதற்குப் பதிலாக இரண்டு இரண்டாக எடுத்துக் கொள்ளுங்கள். நின்று வெட்டுங்கள், அமர்ந்து தையுங்கள், நின்று இஸ்திரி போடுங்கள். வேலையும் முடியும், உடலும் நிலை மாறிக்கொண்டே இருக்கும். தரையில் குனிந்து வெட்டுவதைவிட, இடுப்புயர மேசையில் வைத்து வெட்டுவது முதுகுக்கு நன்று.

பொருள்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது சிக்கனம் என்று எண்ணுகிறோம். தண்ணீர்ச் செம்பை மட்டும் அறையின் மறுகோடியில் வையுங்கள். தைத்து முடித்த துணியை வைக்கும் கூடையும் அங்கேயே இருக்கட்டும். பிள்ளையைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்காமல் நீங்களே எழுந்து போங்கள்.

"எழ வேண்டியிருக்குமே" என்று தண்ணீரையே குறைத்துக் கொள்ளும் பெண்கள் உண்டு. சிறுநீரை அடக்கி வைப்போரும் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் அது வழி திறந்துவிடும். போதிய தண்ணீர் குடித்தால், உடலே உங்களை உரிய நேரத்தில் எழுப்பிவிடும்!

இருக்கையும் ஒளியும்

முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் நாள் முழுதும் அமர வேண்டாம். சாய்வுள்ள நாற்காலியில், இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயர்ந்திருக்கும்படி அமருங்கள். உயரம் போதாவிட்டால் மடித்த போர்வையைப் போட்டுக் கொள்ளுங்கள். பாதங்கள் தரையிலோ பலகையிலோ முழுமையாகப் படிய வேண்டும். தோள் உயராமல் முழங்கை மடிந்திருக்கும் அளவில் மேசை அமையட்டும்.

தரையில் அமர்ந்து ஆரி வேலையோ பாய் நெசவோ செய்வோர், மூன்று நான்கு அங்குல உயரமுள்ள திண்டின்மேல் அமருங்கள். சம்மணமிட்ட நிலையில் நெடுநேரம் இருந்தால், முழங்காலின் வெளிப்புறமாக ஓடும் நரம்பு அழுந்திக் கால் மரத்துப்போகும். அதை அடிக்கடி செய்தால் பாதத்தை உயர்த்தும் வலிமையே குன்றக்கூடும். கால் மணிக்கு ஒருமுறை காலை நீட்டி, மடிப்பை மாற்றுங்கள்.

வலக்கையால் வேலை செய்வோர்க்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வரட்டும். கையின் நிழல் வேலையின்மேல் விழாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் செய்யும் வேலையைப் பகலொளிக்கு ஒதுக்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 வினாடி பாருங்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் வேப்ப மரம் அதற்குப் போதும்.

இரண்டு நிமிடப் பயிற்சிகள்

எழும்போதெல்லாம் கீழுள்ளவற்றில் இரண்டையோ மூன்றையோ செய்யுங்கள். தனியிடமோ தனி உடையோ வேண்டியதில்லை.

1. சுவரைப் பிடித்து நின்று, குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள்: 20 முறை. கெண்டைக்கால் தசைக்கு இது உயிரூட்டும்.

2. கைகளின் துணையின்றி நாற்காலியிலிருந்து எழுந்து அமருங்கள்: 10 முறை. தொடைத் தசை வலுப்பெறும். முழங்கால் வலியுள்ளோர் முடிந்த அளவே செய்க.

3. இரு தோள்பட்டைகளையும் பின்னால் நெருக்கி, 5 வினாடி நிறுத்தித் தளர்த்துங்கள்: 10 முறை.

4. தலையைக் குனியாமல் மோவாயை மட்டும் பின்னால் இழுத்து, 5 வினாடி நிறுத்துங்கள்: 10 முறை. முன்னால் நீண்ட கழுத்தை இது தன் இடத்துக்குக் கொண்டுவரும்.

5. இடுப்பில் கைகளை ஊன்றி நின்று, மெதுவாகப் பின்புறம் வளையுங்கள்: 5 முறை. தலைசுற்றல் உள்ளோர் இதைத் தவிர்க்க.

6. கையை முன்னால் நீட்டி, மறுகையால் விரல்களைப் பின்னோக்கி மென்மையாக இழுத்து 15 வினாடி நிறுத்துங்கள். பிறகு விரல்களை விரித்து மூடுங்கள்: 10 முறை.

வலியைப் பொறுத்துக்கொண்டு எதையும் செய்ய வேண்டாம்.

நடக்க நேரமும் இடமும் எங்கே?

வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், தசையை வலுவாக்கும் பயிற்சியை வாரத்தில் இரு நாளேனும் செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவுறுத்தியது. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமேனும் செய்தால்தான் கணக்கில் வரும் என்ற பழைய வரம்பை அப்போது நீக்கிவிட்டது. ஒரு மணி நேரம் ஒதுக்க வழியில்லாத தாய்மார்க்கு இது பெரும் ஆறுதல். ஐந்து ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் அது சேமிப்பே!

பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கு நடந்தே போங்கள். உணவுக்குப் பின் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ 10 நிமிடம் நடந்துவிட்டு இயந்திரத்தில் அமருங்கள். அண்டை வீட்டுச் சகோதரியரைச் சேர்த்துக்கொண்டு அதிகாலையில் தெருவில் நடப்பது இன்று பல ஊர்களில் வழக்கமாகியிருக்கிறது. துணையிருந்தால் நடை தளராது.

வெயில் கொளுத்தும் நம் நாட்டிலும், வீட்டுக்குள்ளேயே இருப்போரிடம் வைட்டமின் 'டி' குறைபாடு மிகுதியாகக் காணப்படுகிறது. எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் அதன் விளைவுகள். இச்சத்தை நம் தோல் உண்டாக்க, இளங்காலை வெயிலைவிட 10 மணிக்குப் பிந்திய வெயிலே உதவும். மறைவான மொட்டை மாடி உள்ளவர்கள், முற்பகல் இடைவேளை ஒன்றில் கால் மணி நேரம் முகத்திலும் முழங்கையிலும் வெயில் படும்படி உலவி வரலாம்.

தேநீர்க் கணக்கு

வேலை நெருக்கடியில் பசியை மறக்கத் தேநீர் துணைக்கு வருகிறது. ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், ஒரு கரண்டிக்கு ஏறத்தாழ 4 கிராம் வீதம் ஆறு குவளைக்கு 48 கிராம் ஆகிறது. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பதும், 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நன்று என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளின் உச்ச வரம்பைத் தேநீரே தொட்டுவிட்டது! பிஸ்கட்டும் சமூசாவும் கணக்கில் இன்னும் சேரவில்லை. ஒரே நாளில் சர்க்கரையை விட முடியாவிட்டால், வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

அமர்ந்து உழைப்பவரின் தட்டும் அதற்கேற்ப மாற வேண்டும். சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறி, கீரை, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றைக் கூட்டுங்கள். நெய்ச்சோறும் பிரியாணியும் விருந்துக்கு உரியவையாகவே இருக்கட்டும்.

பெருநாள் நெருக்கடி

ரமளான் வந்துவிட்டால் தையற் கலைஞருக்கு இரவேது, பகலேது? ஊரார் அனைவரும் புத்தாடை உடுத்த, அவர் சஹர் வரை இயந்திரத்தின் முன் இருக்கிறார். அந்த மாதத்துக்கு மூன்று குறிப்புகள்.

ஒன்று: துணி வாங்குவதை ஒரு குறிப்பிட்ட பிறையோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். "கடைசி நாளில் கொடுத்தாலும் தைத்துத் தருவாள்" என்னும் நற்பெயர் உங்கள் முதுகெலும்பை விலையாகக் கேட்கும்.

இரண்டு: நோன்பு திறந்தவுடன் இயந்திரத்தில் அமர வேண்டாம். சிறிது நடந்து, தொழுகைகளை முடித்துவிட்டுத் தொடங்குங்கள். இரவில் விழித்தால் பகலில் அந்த உறக்கத்தை ஈடு செய்யுங்கள்.

மூன்று: நீரிழிவு உள்ளவர்கள் ரமளானுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைத்துக் கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும் 300ஐத் தாண்டினாலும், அன்றைய நோன்பை முடித்துக்கொள்ளுமாறு மருத்துவ வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர். விரலில் குத்திச் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

அளவு நாடா உங்களுக்கும்தான்

ஊரார் அனைவருக்கும் அளவெடுக்கும் நாடா உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது. அதனால் உங்கள் இடுப்பை என்றேனும் அளந்ததுண்டா? தொப்புளை ஒட்டி, மூச்சை விட்ட நிலையில் அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும், அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலத்துக்கு மேலும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால், நீரிழிவும் இதய நோயும் நெருங்குவதற்கான எச்சரிக்கை அது. மாதந்தோறும் அளந்து அளவுப் புத்தகத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம்.

தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறி வலித்தல்; அதோடு மூச்சுத் திணறல்; இடுப்பு வலியோடு கால் வலுவிழத்தல், சிறுநீர் தானே பிரிதல் அல்லது பிரியாதிருத்தல்; நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும்; பார்வை திடீரென மறைதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. விரல் மரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தாலோ, பிடித்த ஊசி நழுவினாலோ காத்திருக்க வேண்டாம். தொடக்கத்திலேயே கவனித்தால் பலருக்கு மணிக்கட்டுப் பட்டையும் ஓய்வும் போதும். கட்டை விரலடித் தசை சூம்பிய பிறகு சென்றால், இழந்த வலிமை முழுமையாக மீள்வது அரிது.

வீட்டாருக்கு ஒரு சொல்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. பெண்மக்களின் கையூசி பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறது, குமர்களைக் கரையேற்றியிருக்கிறது. அந்தக் கை ஒரு நாள் மரத்துப் போனால், இழப்பு அவருக்கு மட்டுமன்று.

ஆகவே, கணவன்மார்களே, பிள்ளைகளே! அவர் அரை மணிக்கொரு முறை எழுந்து உலவுவதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். மாலையில் அரை மணி நேரம் அடுக்களையை நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவரை நடந்து வரச் சொல்லுங்கள். சாய்வுள்ள நாற்காலி ஒன்றும், நல்ல விளக்கு ஒன்றும், பார்வைக்கேற்ற கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். பெருநாளுக்குப் புடவை வாங்கித் தருவதைவிட அது சிறந்த பரிசாக அமையும்.

சகோதரியரே! இதைப் படித்து முடிக்கையில் நீங்கள் அமர்ந்து எவ்வளவு நேரமாயிற்று? இதழை மூடி வைத்துவிட்டு எழுந்து, மாடிப் படியை ஒருமுறை ஏறி இறங்குங்கள். தையல் எங்கும் போய்விடாது, காத்திருக்கும்.